வகுப்பறையில் பிறந்த நட்சத்திரங்கள்

ஜெர்மனியின் கிழக்குக் கோடியில், போலந்து எல்லையை ஒட்டி, நீஸ்கி என்றொரு சிற்றூர். அங்கே மொரேவிய சகோதரர் சபை நடத்திவந்த விடுதிப் பள்ளி 1821-ல் பொன்விழா கொண்டாடியபோது, பள்ளி முற்றத்தில் ஒரு பெரிய நட்சத்திரத்தை விளக்கோடு தொங்கவிட்டார்கள். அதற்கு 110 முனைகள். இன்று பல நாடுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வாசல்களில் தொங்கும் ‘ஹெர்ன்ஹூட் நட்சத்திர’த்தின் கதை அந்தப் பள்ளியிலிருந்துதான் தொடங்குகிறது.

கிறிஸ்துமஸ் மரத்தில் மினுங்கும் கண்ணாடிக் குண்டுகளுக்குத் தாய்வீடு லவுஷா என்னும் ஜெர்மானிய ஊரின் கண்ணாடிப் பட்டறைகள். காகித அலங்காரங்களின் வழித்தடத்தைப் பின்தொடர்ந்து போனால் வேறோர் இடத்தில் போய் நிற்போம். நட்சத்திரமானாலும் இதயமானாலும் மடித்த உருண்டையானாலும், அவற்றில் புகழ்பெற்றவை பலவும் பள்ளிக்கூட வழியாகவே ஊருக்குள் வந்திருக்கின்றன. ஒரு ஆசிரியர், ஒரு கத்தரி, கொஞ்சம் பசை, மேசையைச் சுற்றிப் பிள்ளைகள். இருநூறு ஆண்டுகளாக இந்தக் காட்சி பெரிதாக மாறவே இல்லை. விற்பனைக்கு வந்ததெல்லாம் பிறகுதான்.

நீஸ்கி பள்ளியில் காகித நட்சத்திரம் செய்வது வடிவியல் பாடத்தின் ஒரு பகுதியாக இருந்தது என்கிறார்கள். பாடம் மட்டுமே என்றால் அது பாடத்தோடு முடிந்திருக்கும். அந்தப் பள்ளியின் பிள்ளைகள் யார் என்று பார்த்தால்தான், நட்சத்திரம் ஏன் அவர்களோடு ஒட்டிக்கொண்டது என்பது புரியும். மொரேவியர்கள், தங்கள் தாயகத்தில் துன்புறுத்தலுக்குத் தப்பி, 1722-ல் சின்சென்டார்ஃப் பிரபுவின் நிலத்தில் ஹெர்ன்ஹூட் என்ற குடியிருப்பை அமைத்தவர்கள். பத்தே ஆண்டுகளில் அவர்களின் ஊழியர்கள் மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலேறினார்கள். அடுத்து கிரீன்லாந்து, சுரினாம், தென்னாப்பிரிக்கா என்று பரவினார்கள். 1760-ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, பொறையாறு பக்கம் ஒரு தோட்டக் குடியிருப்பு அமைத்து, சுமார் 40 ஆண்டுகள் இருந்தார்கள். இப்படித் தூரதேசங்களில் இருந்த ஊழியர்களின் பிள்ளைகள் சின்ன வயதிலேயே ஜெர்மனியின் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கடிதம் போய்ச்சேரவே மாதக்கணக்காகும் காலம் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அந்தப் பிள்ளைகள் தாங்கள் ஒட்டிய நட்சத்திரத்தைத் தங்கள் அறையில் ஏற்றினார்கள். அம்மா அப்பா இல்லாத பண்டிகைக்கு அவர்கள் தம் கையாலேயே ஒளியேற்றிக்கொண்டார்கள். விடுதியை விட்டுப் போனவர்கள் அந்தப் பழக்கத்தைத் தங்கள் குடும்பங்களுக்கு எடுத்துப் போனார்கள்.

அந்தப் பழைய மாணவர்களில் ஒருவர் பீட்டர் ஹென்ட்ரிக் வெர்பீக். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் நட்சத்திரங்களையும் செய்முறையையும் தன் புத்தகக் கடை வழியே விற்கத் தொடங்கினார். பிரித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மறு ஆண்டு மீண்டும் கோத்துக்கொள்ளும்படியான நட்சத்திரத்தை 1897-ல் உருவாக்கியவரும் அவரே. தொழிற்கூடமும் ஹெர்ன்ஹூட்டில் எழுந்தது. காகித முனைகளைக் கையால் ஒட்டும் வேலை அங்கே இன்றும் நடக்கிறது. ஹெர்ன்ஹூட் குடியிருப்பு 2024-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தது.

இன்று ஹெர்ன்ஹூட்டில் செய்யும் நட்சத்திரத்துக்கு 25 முனைகள். அந்த எண்ணுக்குள் ஒரு அழகான கணக்கு இருக்கிறது. நடுவில் இருக்கும் உடல் 26 முகங்கள் கொண்ட ஒரு திண்மம்: 18 சதுரங்கள், 8 சமபக்க முக்கோணங்கள். ஆர்க்கிமிடீஸ் பெயரால் வழங்கும் 13 திண்மங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு காகிதக் கூம்பை உட்கார வைத்தால் 26 முனைகள் வர வேண்டும். ஆனால் மேலே உள்ள ஒரு சதுரத்தைத் திறந்தபடி விட்டால்தான் விளக்கை உள்ளே இறக்கவும், கயிற்றில் தொங்கவிடவும் முடியும். ஆக, 17 நான்குபட்டை முனைகளும் 8 மூன்றுபட்டை முனைகளும் மிஞ்சுகின்றன. பத்தாம் வகுப்பு மாணவனுக்குக் கரும்பலகையில் அரை மணி நேரம் விளக்கினாலும் பிடிபடாத ஒரு திண்மம், கையால் ஒரு முறை ஒட்டிப் பார்த்தால் ஆயுளுக்கும் மறக்காது.

குழந்தைகளின் தோட்டம், தடையும்கூட

கண்ணாடிக் குண்டுகளைத் தந்த அதே துரிங்கியா மலைப்பகுதியில்தான் காகித மடிப்பின் பெரிய ஆசானும் பிறந்தார். ஃபிரெட்ரிக் ஃப்ரேபெல் 1782-ல் பிறந்தவர். 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்காக ஒரு நிலையம் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், என்று பெயர் சூட்டினார். இன்று நம் தெருமுனை நர்சரி பள்ளிவரை வந்து சேர்ந்திருக்கும் பெயர் அது. குழந்தை விளையாடிக்கொண்டே உலகத்தின் வடிவங்களைக் கைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மரக்கட்டை, பந்து, குச்சி என்று தொடங்கி, காகிதம் மடிப்பது, காகிதப் பட்டைகளைப் பின்னுவது, வெட்டுவது, ஊசியால் குத்தி உருவம் எடுப்பது என்று அவர் பாடம் விரிந்தது.

பிரஷ்ய அரசுக்கு இது பிடிக்கவில்லை. 1851-ல் கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. மறு ஆண்டே ஃப்ரேபெல் காலமானார். 1860 வரை தடை நீடித்தது. ஆனால் அவரிடம் பயின்ற ஆசிரியைகள் பல நாடுகளுக்குப் போய்ப் பள்ளிகள் திறந்தார்கள். அவர்கள் போன இடமெல்லாம் வண்ணக் காகிதச் சதுரங்களும் பட்டைகளும் கூடவே போயின.

இன்று ஜெர்மானியக் குடும்பங்கள் ‘ஃப்ரேபெல் நட்சத்திரம்’ என்று அழைக்கும் அலங்காரத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருடைய பெயர் பின்னால் வந்து சேர்ந்தது. ஆனாலும் அந்தப் பெயர் பொருத்தமானதுதான். நான்கே காகிதப் பட்டைகள். பசை கிடையாது, கத்தரி வேலையும் ஓரம் நறுக்குவதோடு சரி. பட்டையின் நீளம் அகலத்தைப் போல 25 முதல் 30 மடங்கு இருக்க வேண்டும். ஒன்றரை சென்டிமீட்டர் அகலம் என்றால் 45 சென்டிமீட்டர் நீளம் தாராளம். நான்கையும் பாதியாக மடித்து, ஒன்றின் வாய்க்குள் மற்றொன்றை நுழைத்து இழுத்தால் நடுவில் கச்சிதமாக ஒரு சதுரம் பூட்டிக்கொள்ளும். பிறகு மேல் அடுக்குப் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி மடித்து, கடைசிப் பட்டையை முதல் மடிப்புக்குள் செருக வேண்டும். அடுத்து முக்கோண மடிப்புகள்: ஒரு பக்கம் நான்கு, திருப்பிப் போட்டு நான்கு. எட்டுத் தட்டை முனைகள் வந்துவிடும்.

கை தடுமாறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான். பட்டையை மடிப்புக் கூர்மை இல்லாமல் சுழற்றி, சதுரத்தின் அடியில் நுழைத்து, தட்டை முனை வழியாக வெளியே இழுக்க வேண்டும். இழுத்ததும் அது கூம்பாக எழுந்து நிற்கும். இப்படி முன்னால் நான்கு, பின்னால் நான்கு. மொத்தம் 16 முனைகள். முடித்த நட்சத்திரத்தை உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து, மினுக்குத் தூள் தூவுவது பழைய வழக்கம். மெழுகு காகிதத்துக்கு விறைப்பும் கொடுக்கும், ஈரத்திலிருந்து காப்பும் கொடுக்கும்.

ஃப்ரேபெலின் வண்ணக் காகிதங்கள் சென்னைக்கும் வந்தன. வந்த இடத்தில் அவை செய்த காரியம், இந்தக் கதையின் மிகப் பெருமைக்குரிய பக்கம். டி. சுந்தரராவ் என்ற கணித ஆர்வலர் 1893-ல் காகித மடிப்பின் வழியே வடிவியல் கற்பிக்கும் ஒரு நூலை ஆங்கிலத்தில் எழுதினார். சென்னை அடிசன் நிறுவனம் வெளியிட்டது. கிண்டர்கார்டன் விளையாட்டுப் பொருள்களில் எட்டாவதான காகித மடிப்புத் தொகுப்பே இந்த நூலுக்குத் தூண்டுதல் என்று அவரே முன்னுரையில் சொல்லியிருக்கிறார். இருநூறு வண்ணச் சதுரங்கள் கொண்ட தொகுப்பு அது. குழந்தைகளின் அந்தக் காகிதத்தை எடுத்து, காம்பஸ் இல்லாமலே சமபக்க முக்கோணம், ஐங்கோணம், அறுகோணம் என்று மடித்துக்கொண்டே போனார் சுந்தரராவ். ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித மேதை ஃபெலிக்ஸ் கிளைன் தன் நூலில் அதைக் குறிப்பிட்டார். அதன்பின் சிகாகோவின் ஓபன் கோர்ட் பதிப்பகம் 1901-ல் அதை மீண்டும் வெளியிட, உலகம் முழுக்கப் பரவியது. காகித மடிப்புக் கணிதம் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தச் சென்னைப் புத்தகத்தைச் சொல்லாமல் தாண்டுவதில்லை. நம் பள்ளி நூலகங்களில் அது இல்லாமல் இருப்பது பெரிய இழப்பு.

டென்மார்க்கின் இதயம்

டென்மார்க்கில் டிசம்பர் பிறந்தால் பள்ளிகளில் ஒரு நாள் பாடப்புத்தகங்களை ஓரங்கட்டிவிடுவார்கள். அன்று முழுக்க வெட்டுவதும் ஒட்டுவதும்தான் வேலை. பெற்றோரும் வந்து பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்துகொள்வார்கள். அந்த நாளின் நாயகன், பின்னிய காகித இதயம்.

இரண்டு வண்ணங்களில் கிளேஸ் பேப்பர் போதும். ஒவ்வொன்றையும் இரண்டாக மடித்து, மடிப்பு இருக்கும் பக்கம் நேராகவும் மறுமுனை அரைவட்டமாகவும் வெட்ட வேண்டும். பிறகு மடிப்புப் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சம அகலத்தில் கீறல்கள். கீறலின் நீளம் துண்டின் அகலத்தைவிட ஒரு நூலளவு கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைசிப் பட்டை உள்ளே போகாமல் கிழியும். முதல் முறை செய்கிற எல்லோரும் தவறுகிற இடம் இது.

பின்னல் முறையும் பாய் முடைவது மாதிரி மேலே, கீழே என்று போவதில்லை. ஒவ்வொரு பட்டையும் இரட்டை அடுக்கு வளையம் அல்லவா? அதனால் ஒரு பட்டை எதிர்ப்பட்டையின் வயிற்றுக்குள் நுழைந்து வரும். அடுத்த எதிர்ப்பட்டையைத் தன் வயிற்றுக்குள் விழுங்கிக்கொள்ளும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. அடுத்த வரிசையில் இது மாறி வரும். முடிவில் இரண்டு வண்ணக் கட்டங்களோடு இதயம் உருவாகும். விரலால் பிரித்தால் பையாகத் திறந்துகொள்ளும். கைப்பிடி ஒட்டி, மசாலா மணக்கும் சின்னச் சின்ன பிஸ்கட்டுகளும் கொட்டைகளும் நிரப்பி மரத்தில் தொங்கவிடுவார்கள்.

கிடைத்திருப்பதிலேயே பழைய இதயத்தைச் செய்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். தேவதைக் கதைகளால் உலகக் குழந்தைகளை ஆண்ட அதே ஆண்டர்சன்தான். கதை சொல்லிக்கொண்டே கத்தரியால் காகித உருவங்கள் வெட்டும் பழக்கம் அவருக்கு உண்டு. ஓடென்ஸேயில் உள்ள அவருடைய அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த இதயத்தின் குறிப்பில் 1860 என்று ஆண்டு இருக்கிறது; அந்தக் குறிப்பு அவர் கையெழுத்தில் இல்லை. பின்னிய இதயத்தைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று சொல்லிவிட இது போதாது. ஆனால் 1844 கடைசியில் வெளிவந்த அவருடைய ‘ஃபிர் மரம்’ கதையிலேயே, வண்ணக் காகிதத்தில் வெட்டிய வலைப்பைகளில் மிட்டாய் நிரப்பி மரத்தில் தொங்கவிடும் வழக்கம் வருகிறது. காகிதப் பையும் இனிப்பும் கிறிஸ்துமஸ் மரமும் அதற்குள் ஒன்றுசேர்ந்துவிட்டன.

செய்முறை 1871-ல் ஒரு கைத்தொழில் பத்திரிகையில் அச்சானது. அப்போதும் ஊரெல்லாம் பரவவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வீட்டுக்கு வீடு இதயம் தொங்கியது. பரப்பியவர்கள் மறுபடியும் மழலையர் பள்ளி ஆசிரியைகள். வழுவழுப்பான காகிதத்தைப் பின்னினால் பிள்ளைகளின் விரல்களுக்கு நுணுக்கம் கூடும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையில் எந்தத் தவறும் இல்லை.

டேனியர்கள் 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்டவர்கள். அவர்கள் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போன பிறகே இந்த இதயம் அவர்கள் நாட்டில் வலம் வரத் தொடங்கியது; அதனால் நம் கடற்கரைக்கு அது வந்த தடம் ஏதும் இல்லை. ஆனால் காகிதத்துக்கு அங்கே ஒரு பழைய வரலாறு உண்டு. 1706-ல் வந்திறங்கிய கிறிஸ்தவ ஊழியர் சீகன்பால்கு, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-ல் அச்சிட்டு முடித்தார். ஐரோப்பாவிலிருந்து வரும் தாளை நம்பியிருந்தால் அச்சகம் ஓடாது என்று கண்டு, பொறையாற்றில் ஒரு காகிதப் பட்டறையும் தொடங்கப்பட்டது. அது நெடுநாள் நீடிக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

தாளைப் பார்த்து வாங்குங்கள்

அலங்காரத்தின் அழகில் பாதி, மடிப்பவரின் கையில் இருக்கிறது. மீதிப் பாதி தாளில்.

மில்லில் செய்த தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் ஓடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு கத்தி போல விழும்; குறுக்கே மடித்தால் முரடாக, சில சமயம் மேல்பூச்சு வெடித்து வெள்ளைக் கோடாகத் தெரியும். தாளின் ஒரு மூலையைக் கிழித்துப் பார்த்தால் போதும்: நேராகக் கிழியும் திசைதான் நார் ஓடும் திசை. ஃப்ரேபெல் நட்சத்திரத்துக்கு 80 முதல் 100 ஜிஎஸ்எம் தாள் சரியாக இருக்கும். அதைவிடத் தடித்தால் அடுக்குகள் சேர்ந்து நடுச்சதுரம் பிதுங்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளில் அங்கங்கே வெள்ளைப் பின்புறம் எட்டிப் பார்க்கும் என்பதால், இருபுறமும் வண்ணம் ஏறிய தாள் நல்லது. இதயத்துக்கு அந்தக் கவலை இல்லை. பின்புறம் பைக்குள் மறைந்துவிடும்.

பூவேலை, கோடு, புள்ளி என்று அச்சடித்த தாள்களைக் கடையில் விரித்துப் பார்க்கும்போது பெரிய பூக்கள்தான் கண்ணைப் பறிக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் பட்டையாக வெட்டியதும் அந்தப் பூவில் எஞ்சுவது ஒரு இதழின் ஓரம்தான். சிறு அச்சுதான் சிறு அலங்காரத்தில் எடுபடும். கோடு போட்ட தாள், மடிப்பு ஒரு மயிரிழை கோணினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கை பழகிய பிறகு எடுப்பது நல்லது. இதயம் பின்னுகிறவர்கள் ஒரு துண்டுக்கு அச்சுத் தாளும் மறு துண்டுக்கு ஒரே வண்ணத் தாளும் எடுக்க வேண்டும். இரண்டிலும் பூப்போட்டால் பின்னல் கட்டமே கண்ணுக்குத் தெரியாது.

அச்சே இல்லாமலும் தாளில் கோலம் ஏற்றலாம். கெட்டியான கரைசலின் மேல் வண்ணங்களைச் சொட்டுச் சொட்டாக மிதக்கவிட்டு, குச்சியாலோ சீப்பாலோ இழுத்து அலையவைத்து, அதன்மேல் தாளைப் படியவைத்து எடுத்தால் பளிங்கு வரிகள் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தாள் போல இன்னொரு தாள் வராது. துருக்கியில் செழித்த இந்தக் கலை, ஐரோப்பியப் புத்தகங்களின் உள்ளட்டைகளை நூற்றாண்டுகளாக அலங்கரித்தது. புதுச்சேரியில் 1959 முதல் இயங்கும் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதத் தொழிற்கூடத்திலும் இத்தகைய தாள்களைச் செய்கிறார்கள். பருத்திக் கந்தலில் செய்யும் கைக்காகிதத்தில் நார்கள் நீளமாக இருக்கும். பல முறை மடித்து விரித்தாலும் லேசில் விட்டுப்போகாது.

தாள் வாங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. தமிழ் வீடுகளில் மிக நல்ல அச்சுத் தாள் சும்மா கிடக்கிறது: கல்யாணப் பத்திரிகைகள். தங்கக் கோடுகள், மாங்காய் வேலை, புடைப்பச்சு என்று எதற்கும் குறைவில்லை. தடித்த தாள் என்பதால் பட்டை மடிப்புக்கு உதவாது. ஆனால் பழைய வாழ்த்து அட்டைகளில் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தலைமுறைகளாகச் செய்துவரும் உருண்டைக்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

நான்கு சென்டிமீட்டர் விட்டத்தில் 20 வட்டங்கள் வெட்டிக்கொள்ள வேண்டும். காம்பஸின் அளவை மாற்றாமல் வட்டத்தின் விளிம்பில் சுற்றி வைத்துக்கொண்டே வந்தால் ஆறு புள்ளிகள் விழும். ஒன்று விட்டு ஒன்றை இணைத்தால் சமபக்க முக்கோணம். அந்த மூன்று கோடுகளிலும் அட்டையை வெளிப்பக்கமாக மடித்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் மூன்று இறக்கைகள் கிடைக்கும். ஐந்து வட்டங்களை இறக்கையோடு இறக்கை ஒட்டினால் மேல் மூடி. இன்னொரு ஐந்தில் கீழ் மூடி. மிச்சப் பத்தை ஒன்று தலைகீழ், ஒன்று நேர் என்று மாற்றி மாற்றி ஒட்டினால் நடு வளையம். மூன்றையும் சேர்த்தால் இருபது முகங்களும் முப்பது ஓரங்களும் கொண்ட திண்மம், ஏழரை சென்டிமீட்டர் அளவில் மரத்துக்குத் தோதாக நிற்கும்.

எந்தப் பத்திரிகையின் எந்தப் பகுதி மேலே தெரிய வேண்டும் என்று பார்த்து வட்டம் போட வேண்டும். அக்கா கல்யாணப் பத்திரிகையின் தங்க மயில் ஒரு முகத்தில், சித்தப்பா வீட்டுப் புதுமனை அழைப்பின் கோலம் இன்னொன்றில் என்று அமைத்தால், அது அந்த வீட்டுக்கு மட்டுமே உரிய உருண்டை. பசை விஷயத்தில் அவசரம் கூடாது. ஒவ்வொரு இறக்கையையும் துணி மாட்டும் கிளிப்பால் பிடித்துக் காயவிட வேண்டும். ஈரத்தோடு அடுத்ததை ஒட்டினால் மொத்தமும் சரியும். மேல் மூடியை ஒட்டும்போதே நூலின் முனையில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு, ஐந்து முனைகள் கூடும் இடத்தின் வழியே உள்ளிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும். எல்லாம் ஒட்டி முடித்த பிறகு நூல் கோக்க இடம் இருக்காது.